தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க, மீன் ஏன் சாகுது?

கொங்குப் பக்கம் வீட்டில் வளர்க்கும் கலர் மீன் செத்துப்போனால் யாரும் பெரிதாகக் காரணம் தேடுவதில்லை. "நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லி, செடிக்கு அடியில் புதைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் இன்னொரு ஜோடி வாங்கி வந்துவிடுவார்கள். அந்த ஜோடியும் பத்து நாளில் போய்ச் சேரும். நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே வீட்டுக்கு மாதம் மூன்று கண்டம் வருகிறது என்றால், கொஞ்சம் தொட்டியையும் சந்தேகப்படலாம்.

கலர் மீன் கடையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே போதும், இந்தப் பேச்சு காதில் விழும்.

"ஏனுங்கண்ணா, வாரம் தவறாம தொட்டியைக் கழுவறமுங்க. கல்லையெல்லாம் எடுத்து வெயில்ல காயவெச்சு, மொத்தத் தண்ணியையும் மாத்தறோம். தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. அப்புறமும் செத்துப்போகுது."

"ஃபில்டருங்க்கா?"

"அதையும் பைப்புல புடிச்சு வெள்ளையா வர்ற வரைக்கும் அலசிருவோமுங்க."

"தண்ணி ஒத்துக்கலீங்க போல" என்று சொல்லி, கடைக்காரர் ஒரு சின்ன பாட்டில் நீல மருந்தை எடுத்து வைப்பார். அதோடு இன்னும் நாலு மீனும் பையில் ஏறும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த நாலு வரியிலேயே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். தொட்டிக்குள் மீனைத் தவிர இன்னொரு உயிரும் வாழ்ந்தாக வேண்டும் என்பது நமக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பச்சைச் சாணியும் மக்கிய எருவும்

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மாட்டுக் கொட்டகையிலிருந்து அன்றைக்கு அள்ளிய சாணியையோ, கோழிப்பண்ணையிலிருந்து வந்த சூடு ஆறாத எருவையோ நேராகக் கத்திரிச் செடியின் தூரில் கொட்ட மாட்டோம். வேர் வெந்துவிடும். குப்பைக்குழியில் போட்டு, மாதக்கணக்கில் மக்கவிட்டு, மண் வாசனை வந்த பிறகுதான் எடுத்துப் போடுவோம். சாணி அதே சாணிதான். இடையில் குழியில் இருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைச் செடி தாங்கக்கூடிய பொருளாக மாற்றியிருக்கின்றன.

மீன் தொட்டியிலும் நடக்க வேண்டியது இதுதான். ஒரே வித்தியாசம், மாட்டுக்குக் கொட்டகை வேறு, குழி வேறு. மீனுக்கு இரண்டும் ஒன்று. அது கழித்த தண்ணீரிலேயே மூச்சும் விட வேண்டும். மக்க வைக்கும் வேலை அதே தொட்டிக்குள், அன்றன்றைக்கே நடந்து முடிய வேண்டும்.

குழியில் நடப்பது என்ன?

மீன் உண்ணும் தீனியில் புரதம் அதிகம். அந்தப் புரதத்தை உடம்பு பயன்படுத்தியபின் மிஞ்சும் கழிவு அம்மோனியா என்ற நச்சு. நாம் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அப்படியே, பெரும்பாலும் செவுள் வழியாகவே, தண்ணீரில் கரைத்துவிடுகிறது. ஆகவே அடியில் கிடக்கும் கழிவை உறிஞ்சி எடுத்தாலும் அம்மோனியாவின் பெரும்பகுதி ஏற்கெனவே தண்ணீரில் கலந்துவிட்டிருக்கும். அதற்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவில் நம் மூக்குக்கு வாசமும் தெரியாது. கண்ணாடி போன்ற தண்ணீரில் மீன் சாகும் மர்மம் இவ்வளவுதான்.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் ஒரு வகை பாக்டீரியா உண்டு. அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் நச்சுதான். மீனின் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். ரத்தமே பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கும். பார்ப்பவர்கள் "காத்துப் பத்தலை" என்று இன்னொரு மோட்டார் வாங்கி மாட்டுவார்கள்.

அடுத்து இரண்டாவது வகை பாக்டீரியா வந்து நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், குணம் வேறு. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். மீதியை வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். அம்மோனியாவில் தொடங்கி நைட்ரேட்டில் முடியும் இந்த ஓட்டத்துக்குத்தான் நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். நம் தோட்டத்து மண்ணில் நடப்பதும் இதே வேலைதான். செய்வதும் ஏறக்குறைய இதே பாக்டீரியாக் கூட்டம்தான்.

இவற்றைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, இவை தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழும். இரண்டு, இவை மெதுவாகத்தான் பெருகும். பாலைத் தயிராக உறையவைக்கும் பாக்டீரியா ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். இவை இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். வெறும் தொட்டியில் தேவையான அளவு சேர 4 முதல் 6 வாரம் ஆகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மீன் அம்மோனியாவை விடுகிறது. ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொன்று நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் கொல்லும், மூன்றாவதை மீன் பொறுத்துக்கொள்ளும். இந்த வேலைக்காரர்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் இருக்கிறார்கள், வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

கழுவிக் கழுவிக் கொல்வது

இப்போது அந்தக் கடைப் பேச்சை மறுபடி கேளுங்கள். கல்லை வெயிலில் காயவைத்தார்கள், அதில் ஒட்டியிருந்தது காய்ந்து செத்தது. ஸ்பாஞ்சைப் பைப்பில் வெள்ளையாகும்வரை அலசினார்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அபார்ட்மென்ட் மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நமக்குக் கிருமி வராமல் காக்கும் அதே குளோரின் இந்தப் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. கடைசியாக நீல மருந்து. மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதைத் தொட்டிக்குள் ஊற்றினால் மிஞ்சியிருந்த பாக்டீரியாவும் அடிவாங்கும். நோய் வந்த மீனைத் தனி டப்பாவில் வைத்துத்தான் அந்த மருந்தைப் போட வேண்டும்.

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தொட்டி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. 6 வாரம் தேவைப்படும் வேலைக்கு ஒரு வாரத்துக்கு மேல் அவகாசமே கிடைத்ததில்லை.

சரியான முறை இதைவிடச் சோம்பேறித்தனமானது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை டியூபில் உறிஞ்சி பக்கெட்டில் எடுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால் அந்தப் பக்கெட் தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து, அழுக்கு நிறத்தோடேயே திரும்ப மாட்டுங்கள். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும், அதுதான் நமக்கு வேண்டியது. புதுத்தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, முடிந்தால் காற்று மோட்டார் ஓட விட்டுப் பிறகு ஊற்றுங்கள். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று சொட்டு மருந்து கிடைக்கிறது. பக்கெட்டில் எடுத்த பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கறிவேப்பிலைச் செடி உங்களுக்கு நன்றி சொல்லும்.

தொட்டி வைத்த மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். பயந்து மொத்தமும் கொட்டிவிடுபவர்கள் அதிகம். அது வேறு வகைப் பாக்டீரியா திடீரென்று பெருகியதன் அடையாளம். சில நாளில் தானே தெளியும்.

கல்லுப்பு போட்டால் சரியாகும் என்று பழைய ஆட்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நைட்ரைட் ஏறிய தொட்டியில் மீன் பிழைப்பது அதனால்தான். ஆனால் அம்மோனியாவை உப்பு ஒன்றும் செய்யாது. எல்லா நோய்க்கும் கைப்பிடி உப்பு என்று அள்ளிப் போடுவது வீண்.

எத்தனை மீன் விடலாம்?

கடைகளில் அதிகம் விற்கும் தொட்டி ரெண்டுக்கு ஒண்ணு: நீளம் 2 அடி, அகலமும் உயரமும் 1 அடி. கணக்குப்படி 57 லிட்டர். அடியில் கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தேறும். இரண்டு குடம் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மேசைமேல் வைக்கும் உருண்டைக் கிண்ணத்தில் 5 லிட்டர்கூட நிற்காது. தண்ணீர் குறையக் குறைய அதே அம்மோனியா அடர்ந்து நிற்கும். இடத்தை அடைக்காதே என்று சின்னத் தொட்டியில் ஆரம்பிப்பவர்கள்தான் உண்மையில் கஷ்டமான வேலையை எடுத்துக்கொள்கிறார்கள்.

"ஒரு இஞ்ச் மீனுக்கு நாலு லிட்டர்" என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. ஒரு இஞ்ச் மீன்களுக்குள் மட்டும் ஓரளவு பொருந்தும். பெரிய மீனுக்கு வந்தால் கவிழ்த்துவிடும். நீளம் இரட்டித்தால் அகலமும் தடிமனும் கூடவே இரட்டிக்கும், எடை 8 மடங்காகும். 10 இஞ்ச் ஆஸ்கர் ஒன்று, 1 இஞ்ச் நியான் டெட்ராவைவிட எடையில் ஏறத்தாழ 1,000 மடங்கு. இஞ்ச் கணக்கோ 10 நியானும் 1 ஆஸ்கரும் சமம் என்கிறது. தின்பதும் கழிப்பதும் உடம்பைப் பொறுத்தது, அளவுகோலைப் பொறுத்தது இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த மீன் வளர்ந்தால் எவ்வளவு என்பது. கடையில் பார்ப்பதெல்லாம் குஞ்சு. பெருவிரல் நீளக் கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் 15 முதல் 20 செ.மீ. வரும். நிறைய தின்று நிறையக் கழிக்கும். அதோடு அது குளிர்ந்த நீர் மீன். 26 டிகிரியில் சுகமாக இருக்கும் வெப்பமண்டல மீன்களோடு அதைச் சேர்ப்பதே பொருத்தமில்லை.

டேங்க் கிளீனர் என்று கட்டாயம் ஒன்று தலையில் கட்டப்படும் சக்கர் மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்று நினைக்கிறோம். அது பாசியைக் கொஞ்சம் சுரண்டும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. மாறாக, தொட்டியிலேயே அதிகம் கழிப்பது அதுதான். வளர்ந்தால் 40 செ.மீ.க்கு மேல் போகும். அதாவது தொட்டியின் அகலத்தைவிட நீளம், திரும்பக்கூட முடியாது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது. தென்னமெரிக்க மீனான அது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, கரையைக் குடைந்து, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், குளத்தில் மட்டும் வேண்டாம்.

ரெண்டுக்கு ஒண்ணு தொட்டிக்கு என் கணக்கு: 8 ஆண் கப்பி, அல்லது 10 நியான், அல்லது ஒரே ஒரு ஃபைட்டரும் சில நத்தைகளும். கப்பியில் ஆண் மட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பெண் கப்பி மாதம் ஒருமுறை 20, 30 குஞ்சு போடும். ஒருமுறை சேர்ந்த விந்தைச் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே பல மாதம் ஈனும். "ஒரு ஜோடிதானே" என்று ஆரம்பித்த தொட்டி தீபாவளிக்குள் நிரம்பி வழிவது இதனால்தான்.

நல்லதண்ணி மீன், உப்புத்தண்ணி மீன்

இங்கே நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கோயம்புத்தூரில் சிறுவாணிக் குழாய் வரும் வீட்டின் தண்ணீரும், பல்லடம் பக்கம் 800 அடி போரில் வரும் தண்ணீரும் ஒன்றில்லை. முன்னது மென்மையான நீர், தாது உப்புகள் மிகக் குறைவு. பின்னதைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அது கடின நீர். நாம் உப்புத்தண்ணி என்று சொல்வது இதைத்தான், கடல் நீரை அல்ல.

நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளிலிருந்து வந்தது. அங்கே தண்ணீர் மென்மை, கொஞ்சம் அமிலத்தன்மை. சிறுவாணி அதற்குச் சொர்க்கம். உப்புத்தண்ணியில் விட்டால் நிறம் வெளுத்து ஒவ்வொன்றாகப் போகும். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடின நீரில் கொழிக்கும். மோலி கடலோர உப்பங்கழியில்கூட வாழும். ஆகவே திருப்பூரில் போர்த்தண்ணி மட்டும் உள்ளவர் "எங்க தண்ணிக்கு மீனே ஆகாதுங்க" என்று சொன்னால் அவர் தவறான மீனை வாங்கியிருக்கிறார் என்றே அர்த்தம்.

இன்னும் ஒன்று. தண்ணீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவுதான் பிஎச். 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். நம் போர்த்தண்ணி பெரும்பாலும் காரப்பக்கம். அதனால் புதுத் தொட்டியின் முதல் மாதம் உப்புத்தண்ணி வீட்டில் இன்னும் ஆபத்தானது. மீனைப் பாதியாகக் குறைத்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. மீனுக்குக் கொஞ்சமாவது தாது உப்பு வேண்டும். அது அறவே இல்லாத நீரில் பிஎச் நிலைக்காமல் சரியும். போர்த்தண்ணியோடு பாதிக்குப் பாதி கலப்பது நல்ல வழி.

குணம் பார்த்துச் சேர்ப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டு வாங்கினால் போதும். ஆண் ஃபைட்டர் இரண்டு ஒரே தொட்டியில் ஆகாது. டைகர் பார்ப் நீளத் துடுப்பைக் கண்டால் கடிக்காமல் விடாது, ஆகவே ஏஞ்சலோடு சேர்க்கக் கூடாது. ஏஞ்சல் வளர்ந்தபின் நியானைத் தீனியாகவே பார்க்கும். நியான் கூட்டமாக வாழ்வது. இரண்டு வாங்கினால் பயந்து மூலையில் ஒண்டிக்கொள்ளும், குறைந்தது 6 வேண்டும். "ஜோடி ஜோடியா ஒவ்வொண்ணுலயும் குடுங்க" என்று கலர் பார்த்து வாங்கும் பழக்கம்தான் இங்கே எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்.

புதுத் தொட்டியை ஆரம்பிப்பது

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் தொட்டி, கல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், இருந்தால் கொஞ்சம் வேலம்பாசி என்ற நீர்ச்செடி. மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாலும் நைட்ரேட்டை உறிஞ்சும். மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா வளர ஆரம்பிக்கும். சொந்தக்காரர் யார் வீட்டிலாவது பல மாதமாக நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து உங்கள் ஃபில்டர்மேல் ஊற்றுங்கள். பால் உறைய உறைமோர் கேட்டு வாங்கும் ஊரில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. காத்திருக்கும் காலம் பாதியாகக்கூடக் குறையும்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சொட்டுச் சோதனைப் பெட்டி இணையத்தில் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். அப்போதும் முதலில் 3 மீன் மட்டும் (கூட்டமாக வாழும் நியான் என்றால் 6). பாக்டீரியா தனக்குக் கிடைக்கும் தீனி அளவுக்குத்தான் இருக்கும். திடீரென்று 10 மீன் விட்டால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த மூன்று.

கடைப் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம். தீனி ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். கிட்டப் போனாலே மீன் வாயைத் திறந்துகொண்டு வருவது பசியால் இல்லை, பழக்கத்தால். வீட்டில் பாட்டி ஒருமுறை, பேரன் ஒருமுறை, பரிதாபப்பட்டு அப்பா ஒருமுறை என்று போடுவதைத் தடுக்க, அன்றைக்குரிய தீனியைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிடலாம்.

பராமரிப்பு மின்தடை நாளில்

பேப்பரில் "நாளை மின்தடை" பட்டியலில் உங்கள் துணைமின் நிலையம் வந்துவிட்டால், காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை மோட்டார் ஓடாது. இந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓடாத ஸ்பாஞ்சுக்குள் சில மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது நிலைமை இன்னும் மோசம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருந்தால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதிலேயே ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள். அன்று காலை தீனி போட வேண்டாம்.

மூடிய டப்பா வகை ஃபில்டர் வைத்திருப்பவர்கள் கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. நாள் முழுக்க உள்ளே தேங்கி நாற்றமெடுத்த தண்ணீர் மொத்தமும் மீன்மேல் பாயும். முதலில் டப்பாவைக் கழற்றி அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். ஸ்பாஞ்சை, பக்கெட்டில் எடுத்த தொட்டித் தண்ணீரில் ஒருமுறை பிழிந்து மாட்டுங்கள். பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். தீனியை மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம்.